துப்பாக்கிக் கடைக்குக் குழந்தைகள் சட்டை அச்சடிக்கலாமா?

கேள்வி: கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் சிறிய அச்சகமும் டிசைன் வேலையும் நடத்துகிறேன். துப்பாக்கிக் கடைக்காரர் ஒருவர் 200 துண்டறிக்கை கேட்கிறார்: கார்ட்டூன் அணில், பக்கத்தில் சின்னப் பையன்களுக்கான இளஞ்சிவப்பு ரைபிள். கூடவே கடைப் பெயர் போட்ட குழந்தைகள் டி-ஷர்ட். சிறுவர் துப்பாக்கி சுடும் போட்டிக்கு ஒரு போஸ்டரும் உண்டு. எனக்குச் சிக்கல் வருமா?

பதில்: போஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அணிலையும் சட்டையையும் இப்போதைக்குத் தொடாதீர்கள்.

கலிஃபோர்னியாவில் 2022 ஜூன் 30 அன்று ஆளுநர் கேவின் நியூசம் கையெழுத்திட்ட ஏபி 2571 சட்டம் அன்றைக்கே அமலுக்கு வந்தது. 18 வயதுக்குக் குறைந்தவர்களை ஈர்க்கும் விதத்தில் துப்பாக்கியையோ அது சார்ந்த பொருளையோ விளம்பரப்படுத்தக் கூடாது என்பது அதன் சாரம். அந்த வருடம் ஜனவரியில்தான் 'ஜேஆர்-15' என்ற ரைபிள் சந்தைக்கு அறிமுகமானது. பெரியவர்கள் ரைபிளைவிட 20 சதவீதம் சிறியது. அதன் சின்னம் வாயில் சூப்பான் வைத்த குழந்தை மண்டையோடு! அதைப் பார்த்தவர்களுக்குச் சட்டம் ஏன் வந்தது என்று விளக்கவே வேண்டாம்.

விளம்பரம் சிறுவர்களைக் குறிவைக்கிறதா என்பதை நீதிமன்றம் மொத்தச் சூழலையும் பார்த்து முடிவு செய்யும். கார்ட்டூன், சிறுவர் அளவு அல்லது நிறத்தில் ஆயுதம், துப்பாக்கி நிறுவனப் பெயர் பொறித்த சிறுவர் சட்டை, தொப்பி, பொம்மை: இவற்றைச் சட்டமே பெயர் சொல்லிக் குறிக்கிறது. உங்கள் வாடிக்கையாளர் ஒரே ஆர்டரில் மூன்றைக் கேட்டிருக்கிறார்.

அபராதம் ஒரு மீறலுக்கு 25,000 டாலர் வரை. ஒவ்வொரு பிரதியும் தனி மீறல். 200 துண்டறிக்கைக்குக் காகிதக் கணக்கில் 50 லட்சம் டாலர்! எந்த நீதிபதியும் அவ்வளவு போடுவார் என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் எதிர்த்தரப்பு வக்கீல் பேரத்தை அங்கிருந்துதான் தொடங்குவார்.

நீங்கள் கடைக்காரர் இல்லையே என்று கேட்கலாம். சட்டம் யார் யாரைக் கட்டுப்படுத்தும் என்ற விளக்கத்தில் தயாரிப்பவர், விற்பவர் ஆகியோரோடு 'மார்க்கெட்டிங்' செய்பவரும் இருக்கிறார். ஒரே ஒரு ஆர்டருக்கு டிசைன் போட்டவர் அதில் அடங்குவாரா என்று வாதாட இடமிருக்கிறது. அந்த வாதத்தை உங்கள் செலவில் நடத்த வேண்டுமா என்பதுதான் விஷயம்.

போட்டி போஸ்டருக்கு மட்டும் ஏன் பச்சைக்கொடி? வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு, சுடும் பயிற்சி, போட்டி ஆகியவற்றின் அறிவிப்புகளுக்கு அதே வருடம் செப்டம்பரில் கொண்டுவந்த திருத்தம் விலக்குத் தந்தது. ஆனால் அந்த போஸ்டரின் ஓரத்தில் 'ரைபிளுக்குத் தள்ளுபடி' என்று ஒரு கட்டம் நுழைத்தால் விலக்கு ஆட்டம் காணும். முதல் வரைவு வந்ததும் ஓரங்களைப் பாருங்கள்.

"அந்தச் சட்டம் கோர்ட்டில் தோற்றுப்போச்சே" என்று கடைக்காரர் சொல்லக்கூடும். பாதி உண்மை. ஜூனியர் ஸ்போர்ட்ஸ் மேகசின்ஸ் என்ற சிறுவர் சுடுகலை இதழ் நிறுவனமும் வேறு சில அமைப்புகளும் தொடுத்த வழக்கில், 2023 செப்டம்பரில் கலிஃபோர்னியாவும் அடங்கிய ஒன்பதாவது வட்டாரத்தின் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் மாநிலத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பெரியவர் துணையோடு சிறுவர் சுடுவதை மாநிலமே அனுமதிக்கும்போது, அந்தச் சட்டப்படியான செயலைப் பற்றிய உண்மையான பேச்சைத் தடுப்பது பேச்சுரிமையைக் காக்கும் அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் திருத்தத்தை மீறும் என்பது நீதிபதிகள் சொன்ன காரணம். என் பார்வையில் வலுவான காரணம்தான். ஆனால் அது சட்டத்தை அமல்படுத்த இடைக்காலத் தடை கேட்ட மனுவில், அந்த வழக்கைத் தொடுத்தவர்களுக்காக வந்த தீர்ப்பு. அதைக் காட்டி அணிலை அச்சுக்கு அனுப்பாதீர்கள். இன்றைய தேதியில் நீதிமன்றத் தடை யாருக்கெல்லாம் பொருந்துகிறது என்று உள்ளூர் வக்கீல் ஒருவரிடம் எழுத்தில் வாங்குங்கள். அந்தக் கட்டணத்தைக் கடைக்காரர் பில்லிலேயே சேர்த்துவிடலாம்.