கந்தன்: வாசனையா, தூணா?

கேள்வி: பேரனுக்குக் கந்தன் என்று பெயர் வைத்திருக்கிறோம். கந்தம் என்றால் வாசனை, சந்தன மணம் கமழ்பவன் என்று அர்த்தம் என்கிறார் பக்கத்து வீட்டு அம்மா. கந்து என்றால் தூண், அது தமிழ்ப் பெயர்தான் என்கிறார் என் மருமகன். எது சரி?
– ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: பேரன் நன்றாக இருக்கட்டும் அம்மா. வாசனையை விட்டுவிடுங்கள். மணத்தைக் குறிக்கும் வடசொல்லில் வருவது 'காந்தி' என்னும்போது ஒலிக்கும் 'க'. தமிழில் எழுத்து ஒன்றே என்பதால் வந்த மயக்கம் அது.

மூலச்சொல் 'ஸ்கந்த'. துள்ளுதல், சிந்துதல் என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்தது. சிந்திய தேஜஸில் தோன்றியதால் அந்தப் பெயர் என்கிறது மகாபாரத வன பர்வம். குஷாண அரசன் ஹுவிஷ்கனின் பொற்காசிலேயே 'ஸ்கந்தோ கொமாரோ' என்று கிரேக்க எழுத்தில் இருக்கிறது. அவ்வளவு பழைய பெயர்.

மருமகன் சொல்வதையும் தள்ள எனக்கு மனம் வரவில்லை. முருகன் உறையும் இடங்களைச் சொல்லும்போது திருமுருகாற்றுப்படை, 'மன்றமும் பொதியிலும் கந்துடை நிலையினும்' என்கிறது. கந்து என்பது தெய்வம் உறைவதாக நம் முன்னோர் வணங்கிய தூண். பெயர் வடக்கிலிருந்து வந்ததுதான். ஆனால் இங்கே கந்தில் குடியிருந்த சாமிக்கு அது இயல்பாகப் பொருந்திவிட்டது என்பது என் எண்ணம்.

குழந்தைக்குச் சொல்ல இவற்றைவிட அழகான பொருள் கச்சியப்ப சிவாச்சாரியார் தந்தது. சரவணப் பொய்கையில் ஆறு குழந்தைகள். கார்த்திகைப் பெண்கள் அறுவரும் ஆளுக்கொன்றாகப் பாலூட்டி வளர்க்கிறார்கள். பார்வதி வந்து ஆறையும் சேர்த்து அணைக்கிறாள். ஆறு உருவும் ஒன்றாகிவிடுகின்றன. அப்படி ஒன்றானதால் கந்தன் என்று பெயர் பெற்றான் என்கிறது கந்தபுராணம். தாய் சேர்த்து அணைத்த பிள்ளை என்று பேரனிடம் சொல்லுங்கள், போதும். அவனுக்கு உடனே புரியும்.

நான் ஏழுகிணறில் வளர்ந்தவன். வள்ளலார் குடியிருந்த வீராசாமி பிள்ளை தெரு அங்கேதான். கிருத்திகை என்றால் அம்மா எங்களைப் பூக்கடை வழியாகக் கந்தகோட்டத்துக்கு நடத்தியே கூட்டிப் போவார். அந்தச் சன்னிதியைத்தான் வள்ளலார் தெய்வமணிமாலையில் பாடினார். மொத்தம் 31 பாட்டு. ஒவ்வொன்றும் 'கந்தவேளே' என்று அவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டே முடிவுக்கு வரும். தண்டையார்பேட்டையிலிருந்து தூரமில்லையே, ஒரு கிருத்திகைக்குப் பேரனைக் கூட்டிப் போங்கள். 'ஒருமையுடன் நினது திருமலரடி' என்ற பாட்டை முதலில் கற்றுக்கொடுங்கள். மற்ற முப்பதையும் மெதுவாகப் படித்துக்கொள்ளட்டும்.