ஓடிபி யார் போனுக்கு வரும்?

கேள்வி: பிளஸ் டூ முடித்திருக்கிறேன். அரசு உதவி பெறும் பள்ளி, தமிழ்வழி. இன்ஜினீயரிங் கட்ஆஃப் 178. எங்கள் வீட்டில் இதுவரை யாரும் காலேஜ் போனதில்லை. அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் எல்லாம் அவரே அலைந்து வாங்கிவிட்டார். பெங்களூரில் ஐடி கம்பெனியில் இருக்கும் பெரியப்பா மகன்தான் கவுன்சலிங்குக்குப் பதிவு செய்து கொடுத்தார். அப்பாவுக்கு இதெல்லாம் புரியாது என்பதால் அண்ணனின் போன் நம்பரையே கொடுத்துவிட்டோம். திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் எலெக்ட்ரிக்கல் கிடைக்கலாம் என்கிறார் பள்ளி ஆசிரியர். அண்ணனோ கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் எடுக்க வேண்டும் என்கிறார். அவருக்குத் தெரிந்தவர் மூலம் ஒரு தனியார் கல்லூரியில் இப்போதே முன்பணம் கட்டினால் சீட் உறுதியாம். எதற்கு ஸ்கோப் அதிகம்? ஒரே குழப்பம். நீங்களே சொல்லிவிடுங்கள்.
– ஒரு மாணவி, தென்காசி மாவட்டம்

பதில்:

மகளே, ஸ்கோப் பற்றிய கேள்வி வருடா வருடம் ரிசல்ட் வந்த கையோடு இந்தப் பகுதிக்கு வந்துவிடும். பாடத்தின் பெயர்தான் மாறும். அதற்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன்னால், போகிற போக்கில் நீ எழுதிவிட்டுப் போன ஒரு வரியைப் பேச வேண்டும். "அப்பாவுக்கு இதெல்லாம் புரியாது என்பதால் அண்ணனின் போன் நம்பரையே கொடுத்துவிட்டோம்."

அந்த நம்பர் எதற்கு என்று யாராவது உனக்குச் சொன்னார்களா? கவுன்சலிங்கில் கல்லூரிகளை வரிசைப்படுத்திப் பட்டியல் போட்டுப் பூட்டும்போது ஓடிபி அதற்குத்தான் வரும். உனக்கென்று ஒரு இடத்தை ஒதுக்கிய பிறகு, இந்த இடம் வேண்டும், அல்லது இதைவிட மேலே கிடைத்தால் வேண்டும் என்று உறுதி செய்யும்போதும் அதற்குத்தான் வரும். இதற்கெல்லாம் கெடு உண்டு. கெடுவுக்குள் உறுதி செய்யாவிட்டால் கிடைத்த இடம் கையை விட்டுப் போய்விடும். பன்னிரண்டு வருடம் நீ படித்துச் சேர்த்த மதிப்பெண்ணுக்கான சாவி இப்போது பெங்களூரில், ஷிஃப்ட் வேலை பார்க்கிற ஒருவரின் சட்டைப் பையில் இருக்கிறது. அந்தப் பையன் தங்கமானவராகவே இருக்கட்டும். மீட்டிங்கில் இருப்பார், தூங்கிக்கொண்டிருப்பார், சார்ஜ் இருக்காது. உன் அப்பா தன் வண்டிச் சாவியை ஒருவரிடம் கொடுத்துவிட்டு, லோடை எங்கே இறக்குவது என்பதையும் நீயே பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போவாரா?

நம்பரை விடு, அதைச் சரி செய்ய வழி பார்க்கலாம். எனக்கு உறுத்துவது வரியின் முதல் பாதி. அப்பாவுக்குப் புரியாது என்று யார் முடிவு செய்தது? நீ எழுதியதை நீயே திரும்பப் படித்துப் பார். சான்றிதழ்களை அலைந்து வாங்கியது அவர். விஏஓ ஆபீசில், இ-சேவை மையத்தில், தாலுகா ஆபீசில் நின்றது அவர். வண்டியை நிறுத்திவிட்டு அங்கே நின்ற ஒவ்வொரு வேளையும் அவருக்கு வருமானம் போன வேளை. அலைகிற வேலைக்கு மட்டும் அப்பா வேண்டும், முடிவெடுக்கிற வேலைக்கு அவர் வேண்டாம் என்றால் என்ன நியாயம்? இதை நீ கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்பது தெரியும். அவருக்கு எதற்குத் தொந்தரவு என்றுகூட நினைத்திருப்பாய். எண்ணம் நல்லதாக இருந்தாலும் மனிதர் வெளியேதான் நிற்கிறார்.

2017 வரை இப்படி நடக்க வழியே இல்லை. அப்போது கவுன்சலிங் என்றால் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்துக்கு நேரில் போக வேண்டும். தமிழ்நாட்டின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் பிள்ளைகள் வருவார்கள், கூடவே அப்பாவோ அம்மாவோ ஒரு பையோடு. உள்ளே பெரிய திரையில் எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் பாக்கி என்று ஓடும். எழுதப் படிக்கத் தெரியாத அப்பாகூட அந்தத் திரைக்கு முன்னால் மகளோடு உட்கார்ந்திருப்பார். "இது எவ்வளவு தூரம்? ஹாஸ்டல் இருக்கா?" என்று கேட்பார். 2018-ல் எல்லாம் ஆன்லைனுக்கு வந்துவிட்டது. நல்ல மாற்றம்தான், பஸ் செலவும் ஒரு நாள் அலைச்சலும் மிச்சம். பல வீடுகளில் கூடவே அப்பாவும் மிச்சமாகிவிட்டார்.

சரி, அவருக்குப் புரியாது என்று நீ நினைப்பதை நான் சொல்லிப் பார்க்கிறேன். கணக்கில் 100, இயற்பியலில் 50, வேதியியலில் 50 என்று 200-க்கு ஒரு மதிப்பெண் போடுவார்கள். அதை வைத்து மாநிலம் முழுவதும் ஒரு வரிசை. அந்த வரிசையில் நம் முறை வரும்போது, நாம் கொடுத்த பட்டியலை மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்து, முதலில் எது காலியாக இருக்கிறதோ அதைத் தருவார்கள். விஷயம் இவ்வளவுதான். முன்னால் வருகிறவனுக்கு முதலில் என்பது தினமும் லோடுக்குக் காத்திருக்கிற மனிதருக்கா புரியாது? அவருக்குத் தெரியாதது வெப்சைட்டில் எந்த இடத்தில் அழுத்த வேண்டும் என்பது மட்டும்தான். அதற்கு நீ இருக்கிறாய்.

எனக்கு இந்த விஷயத்தில் கொஞ்சம் பழைய காலத்துப் பிடிவாதம் உண்டு. பெற்றவர்கள் படிக்கவில்லை என்றால், படித்த பிள்ளைக்கு முதல் கடமை தான் கற்றதை அவர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்வது. சம்பாதித்துப் போடுவதெல்லாம் அதற்கு அப்புறம். பதினேழு வயதில் "அவருக்குப் புரியாது" என்று ஆரம்பித்தால் அது அங்கேயே நிற்காது. அப்புறம் வேலை, கல்யாணம், வீட்டுக் கடன் எல்லாவற்றிலும் அவர் வாசலில் நிற்கிற ஆளாகிவிடுவார். கடன் என்றதும் ஞாபகம் வருகிறது. கல்விக் கடன் வாங்கினால் உன்னோடு சேர்ந்து கையெழுத்துப் போடப் போவதும் உன் அப்பாதான், பெங்களூர் அண்ணன் இல்லை. படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். வட்டி என்னவோ நீ படித்துக்கொண்டிருக்கும்போதே ஏறிக்கொண்டிருக்கும். கையெழுத்துப் போடுகிறவருக்குப் பட்டியலில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் இருக்கலாமா?

உன் அண்ணனுக்கும் இது நல்லதில்லை. நாளைக்கு அந்தக் கல்லூரி சரியில்லை என்று ஆனால், அல்லது நீ கேட்ட இடம் ஒரு ஓடிபியால் தவறிப்போனால், பழி முழுவதும் அவர் தலையில். "உன் பேச்சைக் கேட்டுத்தான்" என்று யாராவது ஒரு விசேஷ வீட்டில் ஆரம்பிப்பார்கள். அண்ணன் தம்பி குடும்பங்கள் பேச்சுவார்த்தை இல்லாமல் போவதற்கு நிலத் தகராறுதான் வேண்டும் என்பதில்லை. உதவி செய்ய வந்தவருக்கு அந்தப் பாரத்தைக் கொடுக்காதே.

இப்போது அந்த முன்பண விஷயம். கட்டாதே. கவுன்சலிங் தொடங்கும் முன்பே பணத்துக்கு உறுதியாகிற சீட் மேனேஜ்மென்ட் கோட்டா சீட், அதாவது கவுன்சலிங் இல்லாமல் கல்லூரி நிர்வாகமே நிரப்பிக்கொள்கிற சீட். வீட்டில் முதல் பட்டதாரிக்கு அரசு தருகிற கல்விக் கட்டணச் சலுகை கவுன்சலிங் வழியாகச் சேர்கிறவர்களுக்குத்தான். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் அது கிடையாது. உன் அப்பா அலைந்து வாங்கிய சாதிச் சான்றிதழுக்கும் அங்கே வேலை இல்லை. 178 வாங்கிய பெண் எதற்காகக் கூடுதல் பணம் கொடுத்துக் குறைவான உரிமையோடு போய்ச் சேர வேண்டும்? "தெரிந்தவர்" என்கிறாயே, ஆள் சேர்த்துவிட்டால் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்குகிறவர்கள் இந்த மாதங்களில் எல்லா ஊரிலும் சுற்றுகிறார்கள். உன் அண்ணனுக்குத் தெரிந்தவர் அப்படிப்பட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவருக்கு இதில் என்ன கிடைக்கிறது என்று அப்பாவைவிட்டு நேராகக் கேட்கச் சொல். உனக்கோ அண்ணனுக்கோ கூச்சமாக இருக்கும், அவர் கேட்டுவிடுவார். சீட்டைப் பிடித்து வைக்க என்று சொல்லி டிசி, மார்க் ஷீட் ஒரிஜினல்களைக் கேட்டாலும் கொடுக்காதே. கல்லூரிகள் ஒரிஜினல்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018-லேயே சொல்லியிருக்கிறது. சொல்லியிருப்பது ஒன்று, கொடுத்ததைத் திரும்ப வாங்க நடையாய் நடப்பது வேறொன்று.

எலெக்ட்ரிக்கலா, கம்ப்யூட்டரா? இரண்டில் ஒன்று என்று உனக்கு யார் சொன்னது? கவுன்சலிங்கிலேயே கம்ப்யூட்டர் சயின்ஸும் இருக்கிறது. பட்டியலில் எத்தனை இடம் வேண்டுமானாலும் போடலாம். அரசு கல்லூரி எலெக்ட்ரிக்கலைப் போடு, உனக்குப் பிடித்த கல்லூரிகளின் கம்ப்யூட்டர் சயின்ஸையும் போடு. எது எதற்கு மேலே என்பதுதான் உண்மையான கேள்வி. கிடைக்காது என்று நினைக்கிற கல்லூரியை மேலே போடுவதால் நஷ்டமே இல்லை, அது இல்லையென்றால் அடுத்ததைப் பார்ப்பார்கள். கிடைக்காது என்று தானாக முடிவு செய்து விட்டுவிட்டு, தன்னைவிடக் குறைந்த கட்ஆஃபுக்கு அந்த இடம் போனதைப் பார்த்து அழுதவர்களின் கடிதங்கள்தான் ஆகஸ்ட் மாதத்தில் எனக்கு வரும். பத்து பதினைந்தோடு பட்டியலை நிறுத்திவிட்டு எதுவுமே கிடைக்காமல் அடுத்த சுற்றுக்குப் போனவர்களின் கடிதங்களும் வரும்.

என் அபிப்பிராயம் வேண்டும் என்றால் சொல்கிறேன். முன்பணம் கேட்கிற கல்லூரியின் கம்ப்யூட்டர் சயின்ஸைவிட அரசு கல்லூரியின் எலெக்ட்ரிக்கல் எனக்கு மேல். கட்டணம் குறைவு, மூன்றாம் வருடத்தில் அப்பாவுக்கு ஒரு சிரமம் வந்தாலும் படிப்பு நிற்காது. புரோகிராமிங் கற்க கம்ப்யூட்டர் சயின்ஸ் டிபார்ட்மென்ட்டில்தான் உட்கார வேண்டும் என்பதும் இல்லை. ஆனால் மகளே, இவ்வளவு நீளக் கடிதத்தில் உனக்கு எந்தப் பாடம் பிடிக்கும் என்று ஒரு வார்த்தை இல்லை. ஆசிரியர் சொன்னது இருக்கிறது, அண்ணன் சொன்னது இருக்கிறது, நான் சொல்ல வேண்டும் என்றும் இருக்கிறது. மின்சாரப் பாடம் நடத்தும்போது உனக்குத் தூக்கம் வந்ததா, வரவில்லையா? அதை நீதான் சொல்ல வேண்டும்.

ரேங்க் பட்டியல் வருவதற்குள் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. நாளைக்கே அண்ணனுக்குப் போன் போட்டு யூசர் ஐடி, பாஸ்வேர்டு வாங்கி ஒரு நோட்டில் எழுது. பாஸ்வேர்டை மாற்று. கோபித்துக்கொள்ள மாட்டார், கோபித்தால் அது இப்போதே தெரிவது நல்லது. பக்கத்தில் இருக்கிற கவுன்சலிங் உதவி மையத்துக்கு அப்பாவோடு போ. போன் நம்பரை மாற்ற முடியுமா என்று கேள். முடியாது என்றால், பட்டியலைப் பூட்டும் நேரத்தையும் உறுதி செய்யும் நேரத்தையும் அண்ணனிடம் முன்கூட்டியே சொல்லி, அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு உங்களோடு பேச்சில் இருக்க வேண்டும் என்று உறுதி வாங்கு. அங்கேயே முதல் பட்டதாரிச் சான்றிதழ் பதிவேற்றியிருக்கிறதா என்றும் பார்த்துவிடு, சலுகைக்கான பெட்டியில் டிக் போட மறந்தவர்கள் உண்டு. இன்னொன்று, அரசு உதவி பெறும் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. காலேஜில் சேர்ந்ததும் கேள்.

அப்புறம் ஒரு நாள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அப்பாவோடு உட்கார். கவுன்சலிங் வெப்சைட்டிலேயே போன வருடங்களில் எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு, எந்த வகுப்பினருக்கு எத்தனை கட்ஆஃபில் முடிந்தது என்று இருக்கிறது. அதைத் திறந்து வைத்துக்கொள். கல்லூரியின் கோடு எண்ணையும் சேர்த்து எழுது, ஒரே மாதிரிப் பெயரில் பல கல்லூரிகள் இருக்கின்றன, பெயரை மட்டும் பார்த்து ஏமாறுகிறவர்கள் நிறைய. ஒவ்வொன்றாகப் பெயரைச் சொல்லச் சொல்ல அவர் கேட்பார். நாலு வருடத்துக்கு மொத்தம் எவ்வளவு? பஸ்ஸுக்குத் தனியா? ஹாஸ்டலில் மெஸ் பில் எவ்வளவு வரும்? இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடலாமா? இதில் ஒரு கேள்வியையும் உன் அண்ணன் கேட்டிருக்க மாட்டார். பதில் தெரியாதவற்றைக் குறித்துக்கொள். வண்டி ஓட்டுகிறவர், திருநெல்வேலிக்கு வழி அவருக்குத் தெரியும். வார நாளில் ஒருமுறை இருவரும் போய் கல்லூரி விடுகிற நேரத்துக்கு வாசலில் நின்று, வெளியே வருகிற பிள்ளைகளிடம் கேளுங்கள்.

அவர் "எனக்கென்னம்மா தெரியும், நீங்களே பாருங்கள்" என்று நழுவப் பார்ப்பார். விடாதே. பிள்ளையைப் படிக்க வைப்பதோடு என் வேலை முடிந்தது என்று நினைக்கிற அப்பாக்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. பீஸ் கட்டுவது பாதிதான். பக்கத்தில் உட்கார்வது மீதி. இதை நான் சொன்னதாகவே அவரிடம் படித்துக் காட்டு.

இத்தனைக்கும் பிறகு முதல் இடத்தில் எதைப் போடுவது என்பதில் உங்கள் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை என்றால் மறுபடியும் எனக்கு எழுது, பதில் சொல்கிறேன். ஆனால் அந்தக் கடிதத்தில் நீ என்ன நினைக்கிறாய் என்று ஒரு பத்தியும், அப்பா என்ன சொன்னார் என்று ஒரு பத்தியும் இருக்க வேண்டும். அண்ணனின் கருத்து எனக்கு ஏற்கெனவே தெரியும்.