ஊட்டியில் மழையே படாத உள்சுவரிலும் ஏன் கரும்பூஞ்சை பிடிக்கிறது?

பெரும்பாலும் காரணம் சுவர் வியர்ப்பதுதான். காற்றிலுள்ள நீராவி குளிர்ந்த பரப்பில் பட்டுத் துளியாவதை நீர் ஒடுக்கம் என்பார்கள். இட்லிக் குண்டான் மூடியின் உள்பக்கம் நீர் கோத்து நிற்கிறதே, அதே கதை.

20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும். 10 டிகிரியில் 9 கிராம் சொச்சம்தான். சமையல், வெந்நீர்க் குளியல், அறைக்குள் உலர்த்தும் துணி, ஏன், நம் மூச்சுகூட ஆவியைச் சேர்க்கிறது. மிச்சமாகும் நீர் குளிர்ந்த சுவரில் படியும். பீரோவுக்குப் பின்னாலும் மூலைகளிலும் காற்று ஓடாததால் பூஞ்சை அங்கேதான் முதலில் தலைகாட்டும்.

கசிவா, வியர்வையா என்று சந்தேகமா? ஓரடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். அறைப்பக்கம் நனைந்தால் வியர்வை. தாளுக்குப் பின்னால் நனைந்தால் சுவரே ஈரம் கோத்திருக்கிறது, கொத்தனாரைக் கூப்பிட வேண்டியதுதான்.

வியர்வை என்றால் பீரோவை நான்கு அங்குலம் தள்ளி வையுங்கள். சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடட்டும். நண்பகலில் எதிரெதிர் சன்னல்களைக் கால்மணி நேரம் திறந்து வையுங்கள். பூஞ்சையை உலர்ந்தபடி சுரண்டினால் தூளாகப் பறந்து பரவும், ஈரத்துணியால் துடையுங்கள். (மூடிய அறையில் கரி அடுப்பு மூட்டிக் காய வைக்கவே கூடாது, அதன் நச்சுப்புகை உயிரைப் பறிக்கும்.)

வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடித்தால் தீரும் என்று பலர் நினைக்கிறார்கள். அது வெளிமழையைத் தடுக்கும், அறைக்குள் நாமே உண்டாக்கும் ஆவியை அல்ல.