இன்ஜின் பில் யார் பேரில்?

கேள்வி: நானும் கணவரும் பிரிவது என்று முடிவாகிவிட்டது. இரண்டு பிள்ளைகளும் என்னோடு அம்மா வீட்டில் இருக்கிறார்கள். வரும் வெள்ளிக்கிழமை ஊர்ப் பெரியவர்கள் முன்னால் 'மனமொத்துப் பிரிகிறோம்' என்று எழுதிக் கையெழுத்துப் போடப்போகிறோம். ஜீவனாம்சம் எதுவும் நான் கேட்கவில்லை. மகளிர் சுய உதவிக் குழுவில் என் பேரில் கடனாக வாங்கிய 80,000 ரூபாய் அவருடைய படகு இன்ஜினுக்குத்தான் போனது. அதை அவரே கட்டிவிடுவதாகச் சொல்லிவிட்டார், அந்தக் கவலை இல்லை. ஆனால் என் சீர் பீரோவையும் பாத்திரங்களையும் மாமியார் தர மறுக்கிறார். எப்படி வாங்குவது?
- வாசகி, மண்டபம் அருகே

பதில்: மூன்று பக்கக் கடிதத்தில் இரண்டரைப் பக்கம் மாமியாருக்கும் பீரோவுக்கும் போய்விட்டது. மிச்சத்தைத்தான் மேலே சுருக்கிப் போட்டிருக்கிறேன். அதில் 80,000 ரூபாய்க்கு ஒரே ஒரு வரி. அதையும் 'கவலை இல்லை' என்று முடித்துவிட்டீர்கள்.

கையெழுத்து உங்களுடையதம்மா. கடன் கொடுத்தவர்களுக்கு உங்கள் கணவர் யாரோ. வாடைக்காற்றில் பத்து நாள் படகு கரையில் கிடந்தால் டியூ எங்கிருந்து வரும்? சேர்ந்து குடித்தனம் நடத்தும்போதே தவணை நாளில் அவரிடம் கையேந்தி நின்றிருப்பீர்கள். இனி எந்த உரிமையில் போய்க் கேட்பீர்கள்? ஊர்க்கூட்டத்தில் எழுதிய தாளைக் காட்டினால் வங்கி ஒத்துக்கொள்ளாது. நோட்டீஸ் உங்கள் பேருக்குத்தான் வரும். அதற்கு முன்னால் குழுப் பெண்கள் உங்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள். உங்களைப் போலவே பாசி எடுத்தும் கருவாடு விற்றும் காசு சேர்க்கிறவர்கள். உங்கள் தவணை நின்றால் அவர்களுடைய அடுத்த கடனும் நிற்கும். புருஷன் பெண்டாட்டி சண்டைக்கு அவர்கள் ஏன் தண்டம் கட்ட வேண்டும்? மாமியாருக்குச் செய்ததையெல்லாம் பக்கம் பக்கமாக எழுதத் தெரிந்த உங்களுக்கு இவர்கள் ஞாபகமே வரவில்லை என்பதில் எனக்குக் கோபம்தான்.

நாளைக்கே பாஸ்புக்கைத் தேடி எடுத்து, பாக்கி எவ்வளவு, எத்தனை தவணை தவறியிருக்கிறது என்று பாருங்கள். குழுத் தலைவியிடம் விஷயத்தை நீங்களே சொல்லிவிடுங்கள். ஊர் வாய் வழியாக அவருக்குப் போகக் கூடாது. இன்ஜின் பில் யார் பேரில் இருக்கிறது? உங்கள் பேரில் என்றால் பேச்சு வேறு மாதிரி நடக்கும். கணவர் பேரில் என்றால் அவர் பாக்கியை முழுக்கக் கட்டி ரசீது வந்த பிறகு மற்றதைப் பேசுங்கள். மாதாமாதம்தான் முடியும் என்றால் பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரட்டும். கையில் கொடுத்த காசுக்குச் சாட்சி கிடையாது.

வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடாதீர்கள். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவில் எந்த மதத்துப் பெண்ணும் ஜீவனாம்சம் கேட்கலாம். ஆனால் இருவரும் சம்மதித்துப் பிரிந்து வாழ்ந்தால் மனைவிக்குக் கிடையாது என்று அதே பிரிவு சொல்கிறது. 'மனமொத்து' என்ற வரியைத்தான் அவருடைய வக்கீல் முதலில் நீட்டுவார். அந்தத் தாளால் விவாகரத்தும் ஆகிவிடாது.

உங்களுக்கு அவர் காசு வேண்டாமென்றால் அது உங்கள் ரோஷம். பிள்ளைகளுக்கும் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது? பெற்றவன் சோறு போட வேண்டும். பெண்கள் பெருந்தன்மையாக ஒதுங்கி, ஆண்களுக்கு இதை லேசாக்கிவிட்டதைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. கடல் தொழிலில் சம்பளச் சீட்டு கிடையாதுதான். படகுப் பதிவு இருக்கிறது, மீன் எடுக்கிற வியாபாரியின் கணக்குச் சிட்டை இருக்கிறது. சொத்து, கடன், வருமானம் எல்லாவற்றையும் இரு தரப்பும் பிரமாண வாக்குமூலமாகத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் சொல்லியிருக்கிறது. மனுப் போட்ட தேதியிலிருந்தே ஜீவனாம்சம் கணக்காக வேண்டும் என்பதும் அதே தீர்ப்புதான். தள்ளிப்போடுகிற ஒவ்வொரு மாதமும் பிள்ளைகளுக்கு நஷ்டம்.

வக்கீலுக்குக் காசில்லை என்று சொல்லாதீர்கள். ராமநாதபுரத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு அங்கே இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள்.

பீரோவா? சீதனம் சட்டப்படி உங்களுடையது. அதைத் தராமல் வைத்துக்கொள்வது 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் பொருளாதார வன்முறை. பொருள்களைப் பட்டியல் எழுதி, பில்லோ கல்யாணப் போட்டோவோ இருப்பதைச் சேர்த்து, மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரிடம் கொடுங்கள்.