அலர்ட் அடிச்சுக்கிட்டே இருக்கு, தப்பு மருந்தும் போகுது. என்ன பண்றது?

கேள்வி: எங்க ஹாஸ்பிடல் ஃபார்மசிக்கு புது சாஃப்ட்வேர் போட்டாச்சு. மருந்துக்கு மருந்து அலர்ட் வருது, டாக்டருங்க படிக்காமலே ஓவர்ரைடு பண்ணிடறாங்க, அதாவது அலர்ட்டைத் தள்ளிட்டுப் போயிடறாங்க. பார்கோடு ஸ்கேனரும் இருக்கு, ஆனாலும் தப்பு குறையலை. எங்க கோட்டை விடுறோம்?

பதில்: டாக்டருங்க மேல பழியைப் போடாதீங்க, கம்பெனி குடுத்த அலர்ட் லிஸ்ட்டை அப்படியே ஆன் பண்ணி வச்சா யாரா இருந்தாலும் ஓகே ஓகேன்னு அமுக்கிட்டுதான் போவாங்க. ஓவர்ரைடு ரிப்போர்ட்டை எடுங்க, எல்லாருமே தள்ளிட்டுப் போற அலர்ட் எதுன்னு பாருங்க, பார்மகாலஜி தெரிஞ்ச ஒரு டாக்டரையும் வச்சுக்கிட்டு அதுல சும்மா கத்துறதை எல்லாம் ஆஃப் பண்ணுங்க. மிச்சம் இருக்கறதுல உயிருக்கே ஆபத்தான சிலதை மட்டும் தாண்டவே முடியாத மாதிரி லாக் போடுங்க.

உதாரணத்துக்கு மெத்தோட்ரெக்சேட். மூட்டுவாதத்துக்கு அது வாரம் ஒரு தடவைதான், தெரியாம தினமும்னு போயிட்டா எலும்பு மஜ்ஜையே அடி வாங்கிடும், ஆளே போயிடலாம். அதனால ஆர்டர் ஸ்கிரீன்ல 'வாரம் ஒரு முறை'ன்னே டீஃபால்ட்டா வரணும், தினமும்னு போட்டா கேன்சருக்கான காரணத்தை டைப் பண்ணாம நகரவே கூடாது.

அடுத்தது மருந்துப் பேரைத் தேடற விஷயம். 2017-ல அமெரிக்காவுல டென்னசியில ஒரு நர்ஸ் வெர்செட்ங்கிற மயக்க மருந்தை எடுக்க மருந்து கேபினட்ல (ஸ்கிரீன்ல பேரைத் தட்டினா மருந்து தர்ற மெஷின்) முதல் ரெண்டு எழுத்தை மட்டும் தட்டினாங்க, வெர்செட்ங்கிறது பிராண்ட் பேர், கேபினட் தேடினது ஜெனரிக் பேர்ல, அதாவது மருந்தோட பொதுப் பேர்ல, அதனால வந்தது வெக்குரோனியம், மூச்சு விடற தசையையே செயலிழக்க வைக்கிற மருந்து, கேபினட்டோட தடையைத் தாண்டி ஓவர்ரைடுல அதை எடுத்து ஏத்தி நோயாளி இறந்துட்டாங்க. குறைஞ்சது 5 எழுத்தாவது தட்டினாதான் பேரு வரணும்னு இப்ப மருந்துப் பாதுகாப்பு நிபுணர்கள் சொல்றதுக்கு இதெல்லாம்தான் காரணம். உங்க கேபினட்ல அந்த செட்டிங் இருக்கான்னு இன்னைக்கே கேளுங்க.

ஸ்கேனர் விஷயம் வேற. ஒரு ராத்திரி ஷிஃப்ட்ல வார்டுக்கே போய் நின்னு பாருங்க. நோயாளி கைப்பட்டையோட காப்பியை ட்ராலியில ஒட்டி வச்சு அதை ஸ்கேன் பண்றாங்கன்னா, நர்ஸை திட்டாதீங்க, பட்டை நனைஞ்சு படிக்க முடியாம இருக்கும், இல்லை ஸ்கேனர் வயர் கட்டில் வரை எட்டாது, இல்லை ஸ்ட்ரிப்பை வெட்டிக் குடுத்ததுல கோடே போயிருக்கும். கடைசி கேஸ் ஃபார்மசியோட தப்பு, ஒவ்வொரு டோஸையும் தனித்தனியா லேபிள் போட்டு அனுப்ப வேண்டியது நாமதான்.

லேபிள் டெம்ப்ளேட்டையும் ஒரு தடவை பாருங்க, 1.0 மி.கி.ன்னு வந்தா 10-ன்னு படிச்சிடுவாங்க, வெறும் 1 போதும், அதே சமயம் .5-க்கு முன்னாடி பூஜ்யம் கட்டாயம் வேணும்.