இரண்டு மருமக்கள், ஒரு வளவு – கடிதம்

அன்புள்ள ஐயா,

உங்கள் சிறுகதையை வாசித்தேன். 2004இல் விடுதலைப் புலிகள் தமக்குள் மோதிய வெருகல் சண்டையில் ஒரு வீட்டின் இரண்டு மருமக்கள், அக்கா தங்கையின் கணவன்மார், எதிரெதிராக நிற்கிறார்கள். அண்ணன் தம்பி என்று வைத்திருந்தால் இன்னும் வலித்திருக்குமே? யார் பக்கம் நியாயம் என்பதையும் சொல்லாமல் நழுவிவிட்டீர்கள்.

எஸ்., களுவாஞ்சிகுடி

அன்புள்ள எஸ்.,

பாண்டிருப்பில் திரௌபதை அம்மனுக்குத் தீ மிதிக்கிற சனத்துக்கு அண்ணன் தம்பிச் சண்டையை நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நம்முடைய வீடுகள் பங்காளிகளின் வீடுகள் இல்லையே. குடி என்கிற குலம் தாய்வழியில் வருகிறது, வீடும் அதைச் சுற்றிய காணியான வளவும் மகளுக்குப் போகிறது. கலியாணம் முடித்தவன் பெண் வீட்டில் வந்து இருக்கிறான். தாய் இருந்த வீட்டை மூத்தவளுக்குக் கொடுத்துவிட்டு, இளையவளுக்கு அதே வளவில் இன்னொன்று கட்டுவார்கள். கிணறு பொது. அண்ணனும் தம்பியும் பகைத்தால் ஆளுக்கொரு மனைவி வீட்டில் இருந்துவிடலாம். சகலன்மார் பகைத்தால் அக்காவும் தங்கையும் எங்கே போவார்கள்?

எங்கள் பக்கம் செத்தவீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள். சொந்தக்காரர்தான் சமைத்துக் கொண்டுபோக வேண்டும். அக்கா புருஷன் செத்துவிட்டான், தங்கை புருஷன் உயிரோடு வந்துவிட்டான். முதல் சட்டி சோறு தங்கை வீட்டிலிருந்து வர வேண்டும். அந்தச் சோற்றை அவள் எப்படித் தூக்கிக்கொண்டு முற்றத்தைக் கடப்பாள்? எனக்குக் கதை அங்கேதான் இருந்தது. மற்றதெல்லாம் அதற்கு வழி.

நியாயத்துக்கு வருகிறேன். 2004 மார்ச் வரைக்கும் ஒரே இயக்கம், ஒரே சீருடை. கிழக்குத் தளபதி கருணா வன்னித் தலைமையிலிருந்து பிரிந்தார். ஏப்ரல் 9, பெரிய வெள்ளியன்று, வன்னிப் படை வெருகல் ஆற்றைக் கடந்தது. சில நாட்களில் கருணா தன் படையைக் கலைத்துவிட, பிள்ளைகள் வீட்டுக்கு வந்தார்கள். வந்தவர்களைத் திரும்பவும் பிடித்துக்கொண்டு போனதும் நடந்தது. கிழக்குப் பிள்ளைகள் இரண்டு பக்கமும் இருந்தார்கள். எந்தப் பொறுப்பாளருக்குக் கீழே நின்றான் என்பதே பலருக்குப் பக்கத்தைத் தீர்மானித்தது. அவர்கள் வாயில் கொள்கை வாதத்தை வைத்தால் எழுதுகிறவனின் குரல்தான் கேட்கும்.

எனக்குக் கருத்து இல்லை என்று நினைக்காதீர்கள். பள்ளிக்கூடப் பிள்ளையைப் பிடித்துத் துவக்குக் கொடுத்தவர்கள், எந்தப் பக்கமானாலும், அந்தத் தாய்மாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். இதைக் கட்டுரையில் என் பெயரில் சொல்லலாம். சோற்றுச் சட்டியோடு நிற்கிற தங்கையின் தலையில் ஏற்ற எனக்கு மனமில்லை. நழுவல் என்று நீங்கள் சொன்னால், சரி, இருக்கட்டும்.

ஒன்று கேட்க வேண்டும். செத்தவீட்டுச் சோற்றைப் படுவான்கரை, அதாவது மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரை, வழக்கத்தை வைத்து எழுதினேன். உங்கள் கரையில் முதல் நாள் சமைப்பது யார்? வேறு முறை என்றால் எழுதுங்கள்.