பச்சிளம் குழந்தைக்குப் பக்கவாதம்: கேள்விகளும் சேலத்து ரேடியாலஜிஸ்ட்டின் பதில்களும்

அம்மாப்பேட்டை அம்மா: பிறந்த ரெண்டாம் நாள் பையனுக்கு வலது கை மட்டும் வெட்டி வெட்டி இழுத்தது. உச்சிக்குழியில் வைத்து எடுத்த ஸ்கேன் நார்மல். எம்ஆர்ஐயில் ஸ்ட்ரோக் என்கிறார்கள். எதை நம்புவது டாக்டர்?

எம்ஆர்ஐயைத்தான். உச்சிக்குழி ஸ்கேன் ரத்தக்கசிவையும் நீர் கோத்திருப்பதையும் நன்றாகக் காட்டும், ஆனால் ரத்தக்குழாய் அடைத்துப்போன இடம், அதுவும் மூளையின் மேல்பரப்பில் இருந்தால், முதல் சில நாட்களில் கண்ணில் படாமலே போகலாம். எம்ஆர்ஐயில் டிஃப்யூஷன் என்று ஒரு படம் உண்டு. அடிபட்ட செல்கள் வீங்கித் தண்ணீர் நகர இடமில்லாமல் நிற்கிற பகுதி அதில், சிலேட்டில் சாக்பீஸைப் படுக்கப்போட்டுத் தேய்த்த மாதிரி, பளீரென்று வெள்ளையாகத் தெரியும். பெரும்பாலும் அது இடது நடுமூளைத் தமனியின், அதாவது மூளையின் இடது பக்கத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாயின், பகுதி. மூளையின் இடது பக்கம்தான் வலது கையை ஆட்டுவிக்கிறது; வலது கை இழுப்பது அதனால்தான்.

ஏற்காட்டிலிருந்து ஒரு தாத்தா: பேத்தி பிறந்து மூணு நாள். இழுப்பு நின்றுவிட்டது. அடுத்த வாரம் கீழே வந்து படம் எடுக்கலாமா சார்?

வேண்டாம் ஐயா, இன்றே கிளம்புங்கள். அந்த வெள்ளை இரண்டிலிருந்து நான்காம் நாளுக்குள் நன்றாகத் தெரியும், ஒரு வாரம் ஆனால் மங்கி நார்மல் போலவே ஏமாற்றும். நின்ற இழுப்பு திரும்பவும் வரலாம், இருபது கொண்டைஊசி வளைவில் குழந்தைக்கு மூச்சு நின்றால் சொந்தக் காரில் என்ன செய்வீர்கள்? 108ஐக் கூப்பிடுங்கள்.

ஆத்தூர் அப்பா: எம்ஆர்ஐக்கு மயக்கமருந்து கொடுப்பார்களா?

பல நேரம் தேவையில்லை. வயிறாரப் பால் கொடுத்து, துணியில் இறுக்கிச் சுற்றி, காதை மூடினால் தூங்கிவிடும். கதிர்வீச்சும் கிடையாது.

ஓமலூர் தங்கை: மாசமாக இருந்தபோது நான் தின்றதுதான் காரணம் என்கிறார் மாமியார்.

இல்லம்மா. நஞ்சுக்கொடியில் உறைந்த ரத்தக்கட்டி, பிறக்கும்போது இதயத்தில் திறந்திருக்கிற சின்ன வழியாக மூளைக்குப் போய்விடுகிறது என்பதே முக்கியமான சந்தேகம். பலருக்குக் காரணமே பிடிபடுவதில்லை. இதயக்கோளாறோ ரத்த உறைவுக் கோளாறோ இல்லாவிட்டால் மறுபடி வருவது அபூர்வம்.

சூரமங்கலம் அக்கா: அஞ்சு மாசப் பிள்ளை கிலுகிலுப்பையை இடது கையில் மட்டும்தான் வாங்குகிறான். பீச்சாங்கைப் பழக்கம் என்று விட்டுவிடலாமா?

விடாதீர்கள். ஒரு வயதுக்குள் கைப்பழக்கம் வருவதில்லை; ஒரு கையையே நீட்டுகிறான் என்றால் மற்றதில் பலம் குறைவா என்று பார்க்கவேண்டும். இடது கையை மெல்லப் பிடித்துக்கொண்டு வலப்பக்கம் கிலுகிலுப்பையை நீட்டுங்கள். விரல் விரியாமல் கட்டைவிரல் உள்ளே மடங்கியே கிடந்தால் இந்த வாரமே குழந்தை நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள், பிறந்தபோது எடுத்த படம் ஏதாவது இருந்தால் அதையும் கொண்டுபோங்கள்.